விண்டோஸ் 10 ஆதரவு நிறுத்தம்: வீட்டுக் கணினியில் பழுது எது, மறுப்பு எது?

மும்பை, நவ. 13: கடந்த செவ்வாய்க்கிழமை (நவம்பர் 11) இந்திய நேரப்படி இரவு 11.30 மணியளவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிட்டது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை புதுப்பிப்புகளை வெளியிடும் இந்த வழக்கம் 2003 அக்டோபர் முதல் தொடர்கிறது. ஆனால், இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்தில் செயல்படும் வீட்டுக் கணினிகளில், நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாதவற்றுக்கு மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படவில்லை.

2015 ஜூலை 29 அன்று அறிமுகமான விண்டோஸ் 10க்கான ஆதரவு, 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த முதல் மாதாந்தர வெளியீடு இதுவாகும். இதில் மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளில் இருந்த 63 பாதுகாப்புக் குறைபாடுகள் சரிசெய்யப்பட்டன. அவற்றுள் விண்டோஸின் மையப் பகுதியில் இருந்த ஒன்று, திருத்தம் வெளிவரும் முன்பே தாக்குதல்களில் பயன்படுத்தப்பட்டு வந்தது. ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்கின்படி, ஆதரவு முடிவடைந்த காலத்தில் உலகில் விண்டோஸ் பயன்படுத்தும் மேசைக் கணினிகள், மடிக்கணினிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் விண்டோஸ் 10இலேயே இயங்கிக் கொண்டிருந்தன.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற, தமிழர்கள் அடர்ந்து வாழும் மும்பைப் பகுதிகளில் இந்த மாற்றத்தின் பொருள் என்ன? பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு, சிறு தொழிலின் ஜிஎஸ்டி கணக்கு, வங்கிப் பரிவர்த்தனை, ரயில் முன்பதிவு ஆகிய அனைத்துக்கும் ஒரே கணினியை நம்பியிருக்கும் வீடுகள் இங்கு ஏராளம். அத்தகைய வீட்டில் "புதுப்பிப்பு தோல்வியடைந்தது" என்று திரையில் தோன்றும் ஒற்றை வரிக்கு இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கக்கூடும். ஒன்று, சரிசெய்யத்தக்க பழுது. மற்றொன்று, தயாரிப்பு நிறுவனமே அக்கணினியை ஏற்க மறுப்பது. இந்த இரண்டையும் பிரித்தறியாதபோது, சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்குப் புதிய கணினி வாங்கப்படுகிறது. அல்லது, புதுப்பிப்பையே அணைத்துவிட்டு ஆபத்துடன் வாழ நேரிடுகிறது.

பழுதாக இருக்கக்கூடியவை

புதுப்பிப்பு தோல்வியடைவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை எளியவை. முதலாவது, இடப் பற்றாக்குறை. 128 ஜிபி சேமிப்பகம் கொண்ட கணினியில் புகைப்படங்களும் காணொளிகளும் நிறைந்துவிட்டால், புதுப்பிப்பைப் பதிவிறக்கி விரிப்பதற்கு இடமிருக்காது. பெரிய புதுப்பிப்புக்கு முன் 20 ஜிபி அளவுக்காவது இடத்தைக் காலியாக வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, இணைய இணைப்பு. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியே கணினிக்கு இணையம் பெறும் வீடுகளில், தரவுச் செலவைக் குறைப்பதற்காக அந்த இணைப்பை 'மீட்டர் இணைப்பு' எனக் குறித்திருந்தால், புதுப்பிப்புகளின் தானியங்கிப் பதிவிறக்கத்தை விண்டோஸ் தள்ளிப்போடும். பல நூறு எம்பி அளவுள்ள கோப்பு பாதியில் நின்று, மறுநாள் மீண்டும் தொடங்கும். இதைக் கணினியின் கோளாறு என்று கருதுவது தவறு. வாரத்தில் ஒருநாள் அகலக்கற்றை இணைப்புள்ள இடத்தில் வைத்துப் புதுப்பித்தாலே இச்சிக்கல் தீரும்.

மூன்றாவது, பலரும் எண்ணிப் பார்க்காத காரணமான கடிகாரம். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். தேதி தவறாக இருந்தால், பாதுகாப்பான இணையத் தொடர்புக்கான சான்றிதழ்கள் செல்லாதவை எனக் கணினி கருதும். புதுப்பிப்பும் நடைபெறாது, வங்கியின் இணையதளமும் திறக்காது. குறைந்த விலையில் கிடைக்கும் அந்த பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும்.

இவற்றுக்கு அப்பாலும் சிக்கல் நீடித்தால் முறையாகச் செய்ய வேண்டியவை சில உள்ளன. கணினியை மறுதொடக்கம் செய்தல், விண்டோஸிலேயே உள்ள பழுதுகாணும் கருவியை இயக்குதல், சேதமடைந்த இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையை இயக்குதல், பாதியில் நின்ற பதிவிறக்கங்கள் தங்கியிருக்கும் தற்காலிகக் கோப்புறையைப் புதிதாக உருவாக்கச் செய்தல் ஆகியவை அந்த வரிசையில் வரும். எதுவும் பயன் தராதபோது, மைக்ரோசாஃப்ட்டின் புதுப்பிப்புப் பட்டியல் தளத்திலிருந்து குறிப்பிட்ட புதுப்பிப்பை நேரடியாகப் பதிவிறக்கி நிறுவலாம். இவை எவற்றுக்கும் கட்டணமில்லை.

பழுது பயனரின் பக்கம்தான் இருக்கும் என்பதும் இல்லை. 2024 ஜனவரி 9 அன்று வெளியான கேபி 5034441 என்ற விண்டோஸ் 10 புதுப்பிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினியின் மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் இல்லாவிட்டால் அதை நிறுவ முடியாது. ஆனால், 'இடம் போதவில்லை' என்று கூறுவதற்குப் பதிலாக, 80070643 என முடியும் பொதுவான பிழைக் குறியீட்டையே திரை காட்டியது. குறியீட்டைக் கையாளும் முறையில் பிழை இருப்பதை மைக்ரோசாஃப்ட் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆயினும் தானாகச் சரியாகும் தீர்வு வராது என்றும், பயனர்களே மீட்புப் பகுதியின் அளவைக் கைமுறையாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அறிவித்தது. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றியமைப்பது ஒரு தொழில்நுட்பரின் வேலை. அந்த வேலை வீட்டுப் பயனரின் தலையில் ஏற்றப்பட்டது.

மறுப்பாக இருக்கக்கூடியவை

மேற்கண்டவற்றிலிருந்து முற்றிலும் வேறானது, 'இந்தக் கணினி விண்டோஸ் 11க்கான குறைந்தபட்சத் தேவைகளை நிறைவு செய்யவில்லை' என்ற அறிவிப்பு. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம், 'செக்யூர் பூட்' வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. பிராசசரைப் பொருத்தவரை, ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் நிறுவனத்தின் 8ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசை முதற்கொண்டுதான் ஏற்கப்படுகின்றன. இன்டெல்லின் 8ஆம் தலைமுறை 2017 இறுதியில்தான் சந்தைக்கு வந்தது. எனவே, 2016இலோ 2017 தொடக்கத்திலோ வாங்கிய கணினி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பெரும்பாலும் தகுதி பெறாது.

இங்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. மறுப்பு போலத் தோன்றும் சில நிகழ்வுகள் உண்மையில் பழுதுகளே. புதிய தலைமுறை பிராசசர்களில் டிபிஎம் வசதி உள்ளேயே அமைந்திருந்தும், தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதுண்டு. கடைகளில் உதிரி பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்படும் கணினிகளில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. இன்டெல் கணினிகளில் 'பிடிடி' என்றும் ஏஎம்டி கணினிகளில் 'எஃப்டிபிஎம்' என்றும் பெயரிடப்பட்டுள்ள அந்த வசதியை இயக்கினாலே சில கணினிகள் தகுதி பெற்றுவிடும். வன்தட்டு பழைய முறையில் வகுக்கப்பட்டிருப்பதும் மறுப்புக்குக் காரணமாகலாம். கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்த பிறகு அதையும் மாற்றிவிட முடியும்.

ஆகவே, புதிய கணினி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை இயக்கிப் பார்ப்பது. எந்தத் தேவை நிறைவேறவில்லை என்பதை அது தனித்தனியாகக் காட்டும். பிராசசர் பட்டியலில் இல்லை என்றால், அது மறுப்பு. டிபிஎம் அல்லது செக்யூர் பூட் மட்டும் குறையாகக் காட்டப்பட்டால், அது பயாஸ் அமைப்பில் தீரக்கூடிய ஒன்றாக இருக்கலாம்.

தேவைகளைச் சுற்றிச் சென்று விண்டோஸ் 11ஐ நிறுவும் குறுக்குவழிகளும் உள்ளன. ஆனால், அவ்வாறு நிறுவப்பட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்பு பெறும் உரிமை இல்லை என மைக்ரோசாஃப்ட் தெளிவாகக் கூறியுள்ளது. பாதுகாப்புப் புதுப்பிப்புக்காக மேற்கொள்ளும் முயற்சி, புதுப்பிப்புக்கு உத்தரவாதமில்லாத நிலையில் முடிவது பொருளற்றது.

ஓராண்டு அவகாசம்

மறுக்கப்பட்ட கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு அவகாசம் அளித்துள்ளது. 'இஎஸ்யு' எனப்படும் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்யும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை. 1,000 'மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ்' புள்ளிகளைக் கொடுத்தும் பெறலாம். அல்லது 30 டாலர், அல்லது அதற்கு இணையான உள்ளூர்த் தொகையை ஒருமுறை செலுத்தலாம். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை இணைக்க முடியும்.

நிபந்தனைகளும் உள்ளன. கணினியில் விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். நிர்வாகி உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். இதுவரை கணக்கு எதுவுமின்றிக் கணினியைப் பயன்படுத்தி வந்தவர்களும் கணக்குத் தொடங்கியே ஆக வேண்டும். அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவுக்கான இணைப்பு தோன்றும். சில கணினிகளில் இந்தப் பதிவு நடைமுறையே தோல்வியடைந்ததால், அதைச் சரிசெய்யக் கேபி 5071959 என்ற அவசரப் புதுப்பிப்பைச் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் வெளியிட நேர்ந்தது. முன்பு முயன்று கைவிட்டவர்கள் மீண்டும் முயன்று பார்க்க இதுவே தருணம். தாமதமாகப் பதிவு செய்தாலும் விடுபட்ட திருத்தங்கள் சேர்ந்தே கிடைக்கும். ஆனால், அவகாசத்தின் இறுதி நாள் மாறாது.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்த பயனர்களுக்கு இந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டுள்ளன என்பது கவனிக்கத்தக்கது. அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து, அமைப்புகளை ஒத்திசைக்கும் கட்டாயமின்றி, கணக்கில் உள்நுழைந்தாலே போதும் என்று கடந்த செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்தியப் பயனர்களுக்கு அத்தகைய சலுகை இல்லை. ஒரே மென்பொருள், ஒரே குறைபாடு, ஒரே திருத்தம். நிபந்தனை மட்டும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்பதே இதிலிருந்து பெறக்கூடிய பாடம்.

புதுப்பிக்காததன் விலை

"பத்து ஆண்டுகளாக ஓடுகிறது, இனி என்ன ஆகிவிடும்?" என்ற கேள்வி இயல்பானது. ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடுவதில்லை. விண்டோஸ் டிஃபெண்டர் வைரஸ் தடுப்பானுக்கான தகவல் புதுப்பிப்புகள் 2028 அக்டோபர் வரை தொடரும் என்றும் மைக்ரோசாஃப்ட் கூறியுள்ளது. ஆனால், வீட்டின் கதவில் உள்ள ஓட்டையை அடைப்பதும் வாசலில் காவலர் நிற்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு மாதமும் விண்டோஸ் 11க்காக வெளியிடப்படும் திருத்தங்களை ஆராய்ந்து, அதே ஓட்டை விண்டோஸ் 10இலும் திறந்திருப்பதைத் தாக்குதலாளர்கள் கண்டறிய முடியும்.

இதற்கான சான்று மும்பைக்கு அருகிலேயே உள்ளது. 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் ஒரு பெரிய குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பலர் அதை நிறுவவில்லை. மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற பணயத் தொகை கேட்கும் தீநிரல், அதே குறைபாட்டின் வழியே சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் சிலவும் அதற்குத் தப்பவில்லை. அதன் பிறகும் எச்சரிக்கை போதிய அளவில் பரவவில்லை. ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' தாக்குதல் வந்தது. மும்பைத் துறைமுகக் கடலின் மறுகரையில் உள்ள நவசேவா ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில், மேர்ஸ்க் குழுமம் இயக்கிவந்த சரக்குப் பெட்டக முனையத்தின் பணிகள் பாதிக்கப்பட்டன. இத்தாக்குதலுக்குப் பிறகு 45,000 கணினிகளில் மென்பொருளை மீண்டும் நிறுவ நேர்ந்ததாக அந்தக் குழுமத்தின் தலைவர் பின்னர் தெரிவித்தார்.

அதே வேளையில், புதுப்பிப்பின் மீதான மக்களின் அச்சமும் ஆதாரமற்றதல்ல. நாட்பெட்யாவே உக்ரைன் நாட்டுக் கணக்குப் பதிவு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்புக்குள் ஒளிந்துதான் முதலில் பரவியது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு சில பயனர்களின் கோப்புகளை அழித்துவிட்டதால், நான்கே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. மும்பை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் பயணிகள் வரிசையில் காத்து நின்றனர். நிறுவனங்களுக்கான மென்பொருள் அது என்பதால் வீட்டுக் கணினிகள் அப்போது தப்பின. கடந்த மாதம் வெளியான விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒன்று, மீட்புத் திரையில் யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் செயல்படாமல் செய்துவிட்டது. அதாவது, பழுதைச் சரிசெய்யும் இடத்திலேயே பயனரின் கைகள் கட்டப்பட்டன. அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் வந்தது.

இவை புதுப்பிப்பைத் தவிர்ப்பதற்கான காரணங்கள் அல்ல. புதுப்பிப்பதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும் என்பதற்கான காரணங்கள். முதலாவது, முக்கியக் கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ பிரதி எடுத்தல். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான குடியிருப்புக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கு குடியிருப்பதற்கான சான்றுகள் அதில் முதன்மையானவை. மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் பக்கம், பள்ளிச் சான்றிதழ் என வீட்டுக் கணினியில் ஸ்கேன் செய்து வைத்துள்ள கோப்புகளுக்குத் தாராவிக் குடும்பங்களில் இன்று ஒரு வீட்டின் மதிப்பு உண்டு. அவற்றுக்கு ஒரே ஒரு பிரதி என்பது பிரதியே இல்லை என்பதற்குச் சமம்.

இரண்டாவது, 'பிட்லாக்கர்' மீட்புச் சாவியைத் தனியே எழுதி வைத்தல். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்ட கணினிகளில், சில புதுப்பிப்புகளுக்குப் பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினி கேட்பதுண்டு. 2025 மே மாதப் புதுப்பிப்பு, விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றை இந்த நிலைக்குத் தள்ளியது. சாவி பெரும்பாலும் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால், கோப்புகள் கணினிக்குள் இருந்தும் இல்லாதவையாகிவிடும்.

இழப்பு யாருடையது?

கணினி பாதிக்கப்பட்டு, வங்கிக் கணக்கிலிருந்து பணம் களவு போனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அடுத்து எழுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளரின் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த ஊடுருவலால் பணம் போயிருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டாக, பணம் செலுத்துவதற்கான ரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்வதை அச்சுற்றறிக்கை குறிப்பிடுகிறது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துவது பற்றி அது பேசவில்லை. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்பது ஒரு பாதுகாப்பு. என்றாலும், கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் ஆதரவை இழந்துள்ள சூழலில், இந்த மௌனம் நாளைய வழக்குகளுக்கு இடமளிக்கும்.

வங்கிகளின் சொந்த இயந்திரங்கள் என்று வரும்போது ரிசர்வ் வங்கி மௌனமாக இருக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்த பிறகும் பல ஏடிஎம்கள் அதிலேயே இயங்கி வந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கால அட்டவணை விதித்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50 சதவீதம், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதம், ஜூனுக்குள் அனைத்து ஏடிஎம்களும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. ஏடிஎம்முக்குக் கால அட்டவணை வகுத்த நாட்டில், அதே வங்கியுடன் பேசும் வீட்டுக் கணினிக்கு வழிகாட்டி எதுவும் வகுக்கப்படவில்லை.

உரிமம் பெறாத மென்பொருள் இச்சிக்கலை மேலும் ஆழமாக்குகிறது. பிஎஸ்ஏ அமைப்பின் ஆய்வின்படி, 2017இல் இந்தியாவில் கணினிகளில் நிறுவப்பட்டிருந்த மென்பொருள்களில் 56 சதவீதம் உரிமம் பெறாதவை. இவ்வாறு நிறுவும்போது, உரிமச் சோதனையைத் தவிர்ப்பதற்காகப் புதுப்பிப்புச் சேவையையே அணைத்துவிடுவதுண்டு. அத்தகைய கணினி பிழை எதையும் காட்டாது. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை என்பதே வீட்டாருக்குத் தெரியாமல் போகும்.

குழப்பம் நிலவும் இடத்தில் மோசடியும் வந்து சேரும். "மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது" என்று வரும் தொலைபேசி அழைப்புகளை நம்பக் கூடாது. தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் ஏமாற்றும் போலி அழைப்பு மையங்கள் உள்ளிட்ட இணையக் குற்றங்கள் தொடர்பாக, 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' நடவடிக்கையில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களும் அதற்கு அடிப்படையாக அமைந்தன. இத்தகைய அழைப்பில் பணம் இழந்தவர்கள் உடனடியாக 1930 என்ற உதவி எண்ணையும் தங்கள் வங்கியையும் தொடர்பு கொள்ள வேண்டும்.

கணினிக்கு மறுவாழ்வு

நீட்டிப்புக் காலம் முடிந்த பின் பழைய கணினியை என்ன செய்வது? விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது என்பதால் ஒரு கணினி பயனற்றதாகிவிடாது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் பத்தாண்டுப் பழைமையான கணினிகளிலும் இயங்கும், பாதுகாப்புப் புதுப்பிப்பும் பெறும். இணைய உலாவல், மின்னஞ்சல், கடிதம், கணக்கு அட்டவணை, தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றுக்கு அவை போதுமானவை. நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கி, வைஃபையும் அச்சுப்பொறியும் செயல்படுகின்றனவா என்று சோதித்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பியிருப்போருக்கு இது பொருந்தாமல் போகலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு லினக்ஸ் முற்றிலும் அந்நியமானதல்ல. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பவாயில் உள்ள மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், லினக்ஸ் பயிற்சிகளைத் தமிழிலும் இலவசமாக வழங்குகிறது. தெரிந்தவர் ஒருவர் முதல் நாள் உடனிருந்தால் மாற்றம் எளிதாகும்.

இல்லையெனில் கணினி எங்கே போகும் என்பதை மும்பைவாசிகள் அறிவர். விண்டோஸ் 10 ஆதரவு நிறுத்தத்தால் உலகெங்கும் சுமார் 24 கோடி கணினிகள் குப்பையாகக்கூடும் என 2023 டிசம்பரில் கனாலிஸ் நிறுவனம் மதிப்பிட்டது. குர்லா, சாக்கிநாக்கா பகுதிகளில் மின்னணுக் கழிவுகள் பிரிக்கப்படுகின்றன. தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் உள்ள பட்டறைகளில் பிளாஸ்டிக் தரம் பிரித்து அரைக்கப்படுகிறது. ரெட்மண்டில் எடுக்கப்படும் ஒரு மென்பொருள் முடிவின் எடை, இறுதியில் இத்தகைய பட்டறைகளில் கையுறையின்றி வேலை செய்பவர்கள் மீதே இறங்குகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், கருவியைச் சந்தைப்படுத்தும் நிறுவனத்தின் மீது பொறுப்பைச் சுமத்துகின்றன. மென்பொருள் ஆதரவு நின்றதால் நல்ல கருவி குப்பையாவது அவற்றின் பார்வையில் நேரடியாகப் படுவதில்லை.

பழுது நீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. உதிரி பாகமும் பழுது நீக்கும் கையேடும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இயங்குதளப் புதுப்பிப்பும் கணினிக்கு ஓர் உதிரி பாகமே என்பதை அந்த உரையாடல் உள்வாங்க வேண்டிய தருணம் இது. விற்பனை நிறுத்தப்பட்ட பின் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குக் கைப்பேசிகளுக்கான இயங்குதளப் புதுப்பிப்பை வழங்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, கடந்த ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வாங்கும் நாளிலேயே ஆதரவு முடியும் நாளும் பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருந்தால், லேமிங்டன் சாலைக் கடையில் பேரம் பேசும் நுகர்வோர் விலையை மட்டுமல்லாமல் ஆயுளையும் ஒப்பிட முடியும்.

விதிகள் வரும்வரை வீடுகளின் முன் உள்ள வரிசை தெளிவானது. முதலில் கோப்புகளுக்குப் பிரதி. அடுத்து, தேதி, இடம், இணைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்துப் பழுதை நீக்குதல். பின்னர், தகுதிச் சோதனை. தகுதி இருந்தால் விண்டோஸ் 11, இல்லையென்றால் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு. அதன் பிறகு, அடுத்த அக்டோபருக்குள் லினக்ஸா, புதிய கணினியா என்ற முடிவு. இந்த வரிசையின் முதல் நான்கு படிகளுக்கும் பெரும்பாலும் செலவில்லை. டிசம்பர் மாதத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 9ஆம் தேதி வெளியாகவுள்ளன.